சாமந்தி மொட்டு வைக்காததற்கு உரம் காரணமில்லை

இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, ஆனால் பல மாதமாக ஒரு மொட்டுகூட இல்லை, உரத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தைத் தொடாதீர்கள். தொட்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வார விளக்குக்கு நேர் கீழே இருக்கிறது என்றும் சொல்கிறீர்களே, அதுதான் காரணம். சாமந்தி நீண்ட இரவை உணர்ந்தால்தான் பூக்கும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம், அதுவே அதற்குப் போதும், ஆனால் விடிய விடிய எரியும் விளக்கு செடிக்கு இரவே வராமல் செய்துவிடுகிறது.

மாலை 6 மணிக்கு ஸ்டோர் ரூமில் வைத்து, காலை 8 மணிக்கு வெளியே எடுங்கள். நடுராத்திரியில் அங்கே விளக்கைப் போடவே கூடாது, கொஞ்ச நேர வெளிச்சம்கூட கணக்கைக் கெடுத்துவிடும். இடமில்லை என்றால் அட்டைப்பெட்டியால் மூடலாம், பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வெந்துவிடும். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒருநாள்கூட விடாதீர்கள். இதற்கிடையில் நுனியைக் கிள்ளாதீர்கள், மொட்டு வருவதே அங்கேதான்.

நம் ஊர் வெக்கையில் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பறிப்பது: வெளி இதழ்கள் விரிந்து, நடுப்பகுதி இன்னும் இறுக்கமாக இருக்கும்போது, வெயில் ஏறுமுன் பறித்தால் சாமி படத்தில் நாள் தாங்கும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு வரும்.