பாய்லர் புதுசு, பில் மட்டும் பழசு

குளிர் தொடங்குவதற்கு முன்பே, எரிவாயுவில் தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் பாய்லருக்கு 20 வயது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

பழையது 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் எரிவாயுவில் 70 வீட்டுக்கு, 30 வீண். அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்கு. 90 சதவீதத் திறனுள்ள பாய்லருக்கு அதே வெப்பத்தைத் தர 78 யூனிட் போதும். ஆக, 22 சதவீதம் மிச்சம். பழையதே 80 சதவீதம் என்றால் மிச்சம் 11 சதவீதம்தான். அப்படியானால் அவசரப்படாதீர்கள். ஜன்னல் இடுக்கையும், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கூரை இன்சுலேஷனையும் முதலில் பாருங்கள்.

போன வருடம் கண்டென்சிங் பாய்லர் போட்டோம். பில் குறையவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?

பாய்லர் நல்லதாகத்தான் இருக்கும். அதை ஓட்டும் விதத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதைக் குளிரவைத்து நீராக்கினால், அதற்குள் இருக்கும் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். கண்டென்சிங் என்பது இதுதான். ஆனால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பொருத்துகிறவர்கள் பலர் பாய்லரிலிருந்து கிளம்பும் தண்ணீரை 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்படி ஒரு வீட்டில் நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர் பாய்லரிலிருந்து வெளியேறும் குழாயின் வாயைத் தடவிப் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. 60 டிகிரிக்கு இறக்கினோம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொட்டுச் சத்தம் கேட்டது. அந்தச் சொட்டுதான் உங்கள் மிச்சம்.

60-ல் வைத்துப் பாருங்கள். வீடு சூடேறக் கொஞ்சம் நேரம் கூடும். அரை மணி முன்னதாகவே ஓடவிடுங்கள். கடுங்குளிரில் போதவில்லை என்றால் அந்த நாட்களுக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியை எட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். அங்கே பாய்லரை 65-க்குக் கீழே இறக்க வேண்டாம்.

விளம்பரத்தில் 105 சதவீதத் திறன் என்கிறார்களே?

நீராவியின் வெப்பத்தை எரிபொருள் கணக்கில் சேர்க்காமல், கிடைத்த வெப்பத்தில் மட்டும் சேர்த்தால் நூறைத் தாண்டத்தான் செய்யும். பொய்யில்லை, கணக்கு முறை அப்படி. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கா என்று பாருங்கள்.

மூன்று படுக்கையறை வீட்டுக்கு 35 கிலோவாட் வேண்டும் என்கிறார்கள். சரியா?

ஷவருக்கு உடனடி வெந்நீர் தரும் காம்பி வகை என்றால் அந்த அளவு தேவைப்படலாம். வீட்டைச் சூடாக்க மட்டும் என்றால் ரொம்ப அதிகம்; ஓரளவு இன்சுலேஷன் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் 10 கிலோவாட்டே போதும். அதனால் அதிகபட்சம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், "குறைந்தபட்சம் எத்தனை கிலோவாட்டுக்கு இறங்கும்?" என்றும் கேளுங்கள். இறங்கத் தெரியாத பாய்லர் சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். எரிவாயுவும் வீண், பாகங்களும் தேயும்.

ரேடியேட்டர் மேலே சுடுகிறது, அடியில் ஜில்லென்று இருக்கிறது.

உள்ளே துருச் சேறு படிந்திருக்கிறது. (மேலே ஜில்லென்றால் காற்று, வால்வைத் திறந்து வெளியேற்றினால் சரி.) பாய்லர் மாற்றுவதற்கு முன் குழாய்களை முழுக்க அலசச் சொல்லுங்கள், திரும்பும் குழாயில் காந்த ஃபில்டரும் போடச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க இதை வெட்டுகிறவர்கள் உண்டு. அப்புறம் அந்தச் சேறு புது பாய்லருக்குள்தான் போய் உட்காரும்.

புது பாய்லரிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது. ஆபத்தா?

வெறும் நீராவி. புகை குளிர்ந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது நீலச் சுடர் மஞ்சளாக மாறினால். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாவதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள்.