அது வைரஸ் இல்லை, குரோம் அறிவிப்பு

அப்பாவின் போனில் ‘13 வைரஸ்கள் உள்ளன’ என்று ஓயாமல் வருகிறது, ஆன்டிவைரஸ் போட்டும் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது. ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், அப்பாவும் பாவம் அழுத்தியிருப்பார். அந்த அனுமதியை வைத்துத்தான் அந்தத் தளம் குரோம் வழியாக இந்த அறிவிப்புகளை அனுப்புகிறது. என் மாமா போனில் ஒரு ஜாதகத் தளம் இப்படித்தான் புகுந்தது.

அடுத்த முறை வந்தால் தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள். தளத்தின் பெயர் பொடி எழுத்தில் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். அப்புறம் குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் தடுத்துவிடுங்கள். அந்த ஆன்டிவைரஸ், அறிவிப்பைத் தட்டி இறக்கியது என்றால் அதைத்தான் முதலில் நீக்க வேண்டும்.