26 இரவுகள் – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 43. ஒரு அச்சகத்தில் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்தேன், அதை மூடிவிட்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று மாத வாடகை பாக்கி. ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் அறையில் வேறு பூட்டு தொங்குகிறது. பையை மட்டும் கொடுத்தார்கள். 26 நாளாக எழும்பூர் ஸ்டேஷன் பக்கமும் சென்ட்ரலுக்கு எதிரிலும் மாறி மாறிப் படுக்கிறேன். கட்டணக் கழிப்பிடத்தில் குளித்து, சட்டையை அலசிப் போட்டுக்கொண்டு வேலை கேட்டுப் போகிறேன். போன இடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். ஊரில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போகச் சொல்கிறார் டீக்கடைக்காரர். பிச்சைக்காரர்களைப் பிடித்து அடைக்கும் இடம் மாதிரி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குத் தனியாக எழுதியதைத்தான் இங்கேயும் போடுகிறேன். இதே நிலையில் இருந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் இதைப் படிப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1945-ம் வருடத்துப் பிச்சை தடுப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு, தெருவில் படுத்திருப்பவர்களை வண்டியில் ஏற்றிய கதைகளை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் டீக்கடைக்காரர் சொல்லும் காப்பகம் வேறு வழியில் வந்தது. 2010 ஜனவரியில், டெல்லியில் குளிர் தாங்காமல் தெருவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதிலிருந்துதான் பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கு வந்தது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்தவர்கள் தங்கக்கூட உண்டு. தங்குவதற்குக் காசு கிடையாது, வெளியே வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வந்து படுக்கலாம். எல்லாமே நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கும், ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்றைக் கேளுங்கள். 1913 மாநகராட்சியின் எண். கூப்பிட்டு, ஆண்களுக்கான காப்பகம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். படித்தவன் அங்கே எப்படிப் படுப்பது என்ற தயக்கம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்தப் படித்தவன் 26 நாளாக எழும்பூர் பிளாட்பாரத்தில்தானே படுத்திருக்கிறான்?

1997-ல் நானும் இப்படிப் படுத்திருக்கிறேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டவர் ஆளையே காணோம், கையிலிருந்த பணம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. எழும்பூரில் சில நாள், அப்புறம் பாரிமுனை. ராத்திரி மூன்றரைக்குத் தடியால் தரையில் தட்டி எழுப்புவார்கள். எழுந்து நடந்து இன்னொரு இடத்தில் போய்ச் சாய்ந்தால் அதற்குள் விடிந்துவிடும். நாலாவது நாள் மெரினாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன், என் ஊர்ப் பெயர் எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. நீங்கள் வேலை கேட்கப் போன இடத்தில் தூங்கிப்போவது சோம்பேறித்தனம் இல்லை, தெரு முதலில் பிடுங்குவது தூக்கத்தைத்தான். அதனால்தான் வேலைக்கு முன்னால் படுக்க ஒரு இடம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது பாரிமுனையில் ஒரு அக்கா. அந்த நடைபாதையிலேயே பிறந்தவர், அவருடைய அம்மாவும் அங்கேதான். கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு தகரப்பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கடைகள் திறப்பதற்குள் மடித்து வைத்துவிடும் ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான் வீடு. காலையில் அந்த ஆறடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். இரண்டு ராத்திரி நான் தள்ளிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, “தனியாப் படுக்காத தம்பி, எங்க பசங்க பக்கத்துல வந்து படு. பையைத் தலைக்கு வெக்காத, உருவிடுவானுங்க, கால்ல கட்டிக்க” என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் மட்டும் “வீட்டுக்குப் பேசினியா?” என்றார். நான் பதில் சொல்லாததால் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எஸ்டிடி பூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணனிடம் பேசிவிட்டு வெளியே வந்தால் பூத்காரருக்குக் காசை அவரே கொடுத்திருந்தார். இட்லி விற்ற காசு.

ஆகவே காப்பகத்தில் இடம் கிடைக்கிறவரை தனியாகப் படுக்காதீர்கள். குடும்பங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கேட்டுவிட்டுப் படுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், பல கோயில்களில் மதியம் அன்னதானம் உண்டு. வாங்கிச் சாப்பிடுங்கள், கூச்சமே வேண்டாம். வயிற்றைக் காயப்போட்டு மிச்சம் பிடிக்கும் பணம் மருந்துக்குத்தான் போகும்.

பையில் இருக்கும் சான்றிதழ்களை இன்றைக்கே போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள், ஆதாரை அரசின் டிஜிலாக்கர் செயலியில் சேர்த்துவிடுங்கள். ஏதாவது தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கு அறிக்கை எடுக்கலாம், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். முகவரி இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் முகவரிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். காப்பகத்தில் பெயர் பதிந்துகொள்வதில் படுக்கைக்கு மேல் இப்படி ஒரு பலனும் இருக்கிறது. (இதைப் படிப்பவர் பெண்ணாக இருந்தால் கூப்பிட வேண்டிய உதவி எண் 181, வயதானவராக இருந்தால் 14567. ராத்திரியில் தப்பான யோசனை வந்தால் 14416, அது மனநலத்துக்கானது, எந்த நேரமும் எடுப்பார்கள்.)

அம்மா விஷயம். அவருக்கு எதுவும் தெரியாது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை “சாப்பிட்டேன்” என்று சொல்லும் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். அச்சகத்தை மூடிவிட்டார்கள், அறையைக் காலி செய்துவிட்டேன், வேறு இடம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லையே. எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அம்மாவிடம் முடியாவிட்டால் டீக்கடைக்காரரிடம் தினம் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். அவர் நல்ல மனுஷர், வந்து சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு அச்சகக்காரர்களிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை சீசனுக்கு டிடிபி ஆள் வேண்டுமாம். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் வாரா வாரம் கொடுப்பார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், முகவரியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கு இன்னும் மூன்று ராத்திரி இருக்கிறது. இதைப் படித்தவுடன் 1913-ஐக் கூப்பிடுங்கள், அந்த மூன்று ராத்திரியும் கூரைக்குக் கீழே தூங்கிவிட்டுப் போங்கள்.