தீவுக்கு வழி காட்டாத கிராஃப்

கேள்வி: கீழக்கரையில் மீன் வண்டிகளுக்கு வழி சொல்லும் செயலி ஒன்றை எழுதுகிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் டேட்டாவை கிராஃபாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக மாற்றிவிட்டேன். ராமேஸ்வரத்துக்கு வழி கேட்டால் 'இல்லை' என்கிறது. ஏர்வாடிக்கு வழி வருகிறது, ஆனால் தூரம் குறைவாகக் காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டும் வேறு வேறு தப்புகள்.

முதலில் தீவைப் பார்ப்போம். வண்டி ராமேஸ்வரம் போக 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. அது விடுபட்டால் தீவு முழுக்கத் தனித் துண்டாகிவிடும். உங்களிடம் உள்ள கிராஃபுக்கு 'இல்லை' என்பது சரியான பதிலே. பாலத்தின் மேல் போவது தேசிய நெடுஞ்சாலை 87. நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் பெரும்பாலும் 'டிரங்க்' என்ற டேக்தான் (சாலையின் வகையைச் சொல்லும் குறிப்பு) ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடுகிறார்கள். பிரைமரி, செகண்டரி, ரெசிடென்ஷியல் என்ற சாலை வகைகளை மட்டும் வடிகட்டி எடுத்திருந்தால் பாலம் அப்போதே போயிருக்கும். என் முதல் சந்தேகம் இதுதான். டேட்டாவை வெட்டிய எல்லை மண்டபத்தோடு நின்றுவிட்டதா என்றும் பாருங்கள்.

சாலைகளை நோட் (சாலைக் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளி) எண்ணை வைத்தே இணையுங்கள். படத்தில் கோடுகள் வெட்டுகிற இடமெல்லாம் சந்திப்பு ஆகாது. மேம்பாலமும் அதன் கீழ்ச்சாலையும் வெட்டும். பொது நோட் இருக்காது. அங்கே நீங்களாகச் சந்திப்பு வைத்தால், பாலத்தின் நடுவிலேயே வண்டியைக் கீழ்ச்சாலைக்குத் திருப்பச் சொல்லும்.

அப்புறம் தூரம். ஒரு சாலையில் 1 முதல் 9 வரை நோட்கள் இருக்கின்றன, 5-இல் ஒரு தெரு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலைகளையும் சேர்த்து ஒவ்வொரு நோட்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், 5 மட்டும் இரண்டு முறை வரும். அங்கே சாலையை வெட்டினால் 1–5, 5–9 என இரண்டு எட்ஜ் (கிராஃபின் இணைப்புக் கோடு) கிடைக்கும். 2, 3, 4 கிராஃபில் வேண்டாம். ஆனால் சாலையின் வளைவு அவற்றில்தான் இருக்கிறது. அதனால் 1–2, 2–3, 3–4, 4–5 தூரங்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். நீங்கள் 1-க்கும் 5-க்கும் நேர்கோடு போட்டிருப்பீர்கள். பூமியின் வளைவைச் சேர்த்துத் தூரம் சொல்லும் ஹேவர்சைன் சூத்திரத்தில் மீட்டராகக் கணக்கிடுங்கள்; டிகிரியை அப்படியே தூரமாக எடுக்காதீர்கள்.

ஒருவழிச் சாலை என்று சொல்லும் டேக்கில் 'யெஸ்' மட்டும் பார்த்தால் போதாது. '-1' என்றும் வரும். கோடு வரைந்த திசைக்கு எதிராகப் போக வேண்டும் என்று பொருள்.

எல்லாம் முடிந்ததும், ராமேஸ்வரம் தீவின் கோடியில் உள்ள அரிச்சல்முனையை வைத்து, கீழக்கரை–அரிச்சல்முனை, அரிச்சல்முனை–கீழக்கரை இரண்டையும் கேட்டுப் பாருங்கள். போக வழி வந்து, திரும்ப வழி வராவிட்டால் ஒருவழிச் சாலைகளைத்தான் முதலில் நோண்ட வேண்டும்.