பெரியப்பா மகனைக் காட்டிப் படிக்கவைக்கலாமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவருடைய அண்ணன் மகன் சென்ற எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வில் லோரேயா, அதாவது அரசு உதவித்தொகை பெறும் முதன்மை மாணவன், ஆகிவிட்டான். அதே பாடங்களை எடுத்து இவ்வாண்டு இறுதியில் தேர்வெழுதவிருக்கும் தம் மகனிடம் அவனையே எடுத்துக்காட்டிப் பேசிவந்ததில், பையன் காவடிக்குக்கூட உறவினர் முன் வர மறுத்துவிட்டானாம். டியூஷன் ஆசிரியரோ, ஒப்பிட்டுச் சொன்னால்தான் ரோஷம் வரும் என்கிறாராம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, சகோதரி. அந்தப் பாதி உங்கள் மகனுக்குப் பொருந்தாது. பிறரை வைத்துத் தம்மை அளந்துகொள்வது மனித இயல்பு என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே விளக்கிவிட்டார். ஆகவே ஒப்பிடவே வேண்டாம் என்று யாருக்கும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. யாரோடு, எப்போது என்பதே கேள்வி. லாக்வுட், குண்டா என்னும் இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கியல் மாணவர்களுக்கு அத்துறையின் தலைசிறந்த மாணவர் ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டினர் ஊக்கம் பெற்றனர், ஏனெனில் அவர்களுக்குக் காலம் இருந்தது. நான்காம் ஆண்டினருக்கு அந்த ஊக்கம் வரவில்லை. அவரோடு தமக்கு ஒப்பீடே இல்லை என்று பலர் ஒதுக்கிவிட்டனர். உங்கள் மகன் நிற்பது இந்த இரண்டாம் வரிசையில்.

டியூஷன்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தோழர்கள் தோளில் தூக்கிய லோரேயாவின் படத்தைச் சுவரில் ஒட்டுபவர், அதே வகுப்பில் பணம் கட்டிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லமாட்டார். வாரந்தோறும் தரவரிசையை வாட்ஸ்அப்பில் அனுப்புவது கற்பித்தல் ஆகாது. அடுத்த மாதக் கட்டணத்துக்கான அச்சுறுத்தல் அது. விடைத்தாளில் எந்த வரி தவறு என்று எழுதித் திருத்தித் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள். நம் கல்வி முறையும் இவர்களுக்கே சோறு போடுகிறது: 2017-இல் ஆறாம் வகுப்பின் இறுதித் தேர்வான சி.பி.இ.யை எடுத்துவிட்டு பி.எஸ்.ஏ.சி.யைக் கொண்டுவந்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் என்.சி.இ. என்னும் தேர்வை வைத்தார்கள், பந்தயம் மூன்றாண்டு தள்ளிப்போனதைத் தவிர வீடுகளில் எதுவும் மாறவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பையன் தானாகத் தேடிப்போகும் ஒப்பீடு நன்மை தரும். அதுவும் தன்னைவிடச் சற்றே முன்னால் இருக்கும் வகுப்புத் தோழனிடம், எத்தனை மதிப்பெண் என்று கேட்காமல், இந்தக் கணக்கை எப்படித் தொடங்கினாய் என்று கேட்பதாக இருந்தால். பெரியப்பா மகன்கூட இப்படி உதவக்கூடும், பெரியவர்கள் யாரும் அறையில் இல்லாதபோது, மகனே அழைத்திருந்தால். அவன் வெளியே வந்ததும் “என்ன சொன்னான்?” என்று நீங்கள் கேட்டால் அது மறுபடியும் உங்கள் ஒப்பீடாகிவிடும், கேட்காதீர்கள்.

மற்றபடி, அவன் மூன்று மாதங்களுக்கு முன் எழுதிய எச்.எஸ்.சி.யின் கேம்பிரிட்ஜ் பழைய வினாத்தாளையும் இப்போது எழுதியதையும் அவனிடமே பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறக்கமும் உணவும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்லூரி எனப்படும் அவன் மேல்நிலைப் பள்ளியின் தலைவரான ரெக்டரிடம் உளவியலாளர் உதவியையும் கேளுங்கள், ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திராமல் கிடைக்கும்வரை கேளுங்கள்.