ஃபீடரில அணில் ஏறாமல் இருக்கோணுமெண்டால் முதல்ல அளவுநாடாவை எடுங்கோ

தங்கச்சி, ரொறன்ரோ ஸ்காபரோவில வாடகைக்கு எடுத்த வீட்டு டெக் (பின்பக்கப் பலகைத் தளம்) கம்பியில, ஊரிலயிருந்து வந்த அப்பா பார்த்துக்கொண்டிருக்கட்டும் எண்டு பறவைகளுக்கு விதை போடுற ஒரு ஃபீடர் தூக்கினனீங்கள். கறுத்த அணில்கள் வந்து மத்தியானத்துக்குள்ள விதையையும் முடிச்சு, பிளாஸ்டிக்கையும் கடிச்சுப் போட்டுது. மிளகாய்த்தூள் தூவலாமோ, பொறி வைச்சுப் பிடிச்சுத் தூரத்தில கொண்டுபோய் விடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

ரெண்டுக்கும் முன்னம் அந்த ஃபீடரை டெக்கில இருந்து கழட்டுங்கோ. அது அங்க தொங்குற வரைக்கும் வேற என்ன செய்தும் பிரயோசனமில்லை. ஊரில முதுகில கோடு போட்ட அணில் நூறு கிராம் வரும். இஞ்ச இருக்கிறது அரைக் கிலோ. கறுப்பும் சாம்பலும் ஒரே இனம்தான். நிலத்தில இருந்து நாலு அடி உயரம் எழும்பும், பக்கவாட்டில எட்டு அடி வரைக்கும் பாயும். பின்னங்காலைக் கணுக்காலோட பின்பக்கம் திருப்பிக் கொழுவிக்கொண்டு தலைகீழாத் தொங்கும்; முன்னங்கை ரெண்டும் சும்மா இருக்கிறதால ஆறுதலா விதையை எடுத்து எடுத்துத் தின்னும். அதால, எந்த ஃபீடர் வாங்குறது எண்டதை விட, அதை எங்க வைக்கிறது எண்டதுதான் முக்கியம்.

இஞ்ச கனகாலமாப் பறவைக்குச் சாப்பாடு வைக்கிற ஆக்கள் 5, 7, 9 எண்டு ஒரு கணக்குச் சொல்லுவினம். நிலத்தில இருந்து 5 அடி உயரம், வேலி, மரம், டெக், ஷெட் எதில இருந்தும் 7 அடி தள்ளி, மேல கொப்பு இருந்தால் அதுக்கு 9 அடி கீழ. என்ரை அனுபவத்தில 7 அடி காணாது. இடமிருந்தால் 10 அடி விடுங்கோ. ஸ்காபரோப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் பின்வளவு ஓரளவு அகலம்; புல்லுக்கு நடுவில ஒரு கம்பம் நட்டு அதில ஃபீடரைத் தூக்கினால் ரெண்டு பக்கமும் அந்த 10 அடி கிடைக்கும். உடுப்புக் காயப்போடுற கயிறு கட்டியிருந்தால் அதையும் கணக்கில எடுங்கோ. அணிலுக்கு அது றோட்டு.

கம்பம் வழுவழுப்பான இரும்பா இருக்கட்டும், மரத்தடி வேண்டாம். கம்பத்தில பாதி உயரத்துக்கு மேல ஒரு தடுப்புப் போடோணும். கடையில ஸ்குவிரல் பாஃபிள் எண்டு கேட்டால் எடுத்துத் தருவினம். கவிழ்த்த புனல் மாதிரி ஒண்டு இருக்கு, நீளக் குழாய் மாதிரி ஒண்டு இருக்கு. நான் குழாயைத்தான் சொல்லுவன். வீடு சூடாக்குற ஃபர்னஸுக்குப் போடுற 6 அங்குலத் தகரக் குழாயை ரெண்டு அடி நீளத்துக்கு வெட்டி, மேல் வாயை மூடி, கம்பத்தில கோர்த்தாலும் அதே வேலை செய்யும். தடுப்பின்ர மேல்முனை நிலத்தில இருந்து 5 அடிக்குக் குறையக் கூடாது. கம்பத்தால ஏறி வாற அணில் குழாய்க்குள்ள போய் முட்டி நிக்கும், வெளியால ஏறப் பிடி கிடைக்காது. சிலபேர் கம்பத்தில வஸ்லினோ கிறீஸோ பூசச் சொல்லுவினம். தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. பறவையின்ர செட்டையில ஒட்டினால் அதால குளிரைத் தாங்க ஏலாது, பறக்கவும் ஏலாது.

இஞ்சத்தைய குளிரை நீங்கள் இன்னும் காணேல்லை, அதால ரெண்டு விசயம் சொல்லவேணும். ஒண்டு, கம்பத்தை இப்பவே நடுங்கோ. நிலம் இறுகின பிறகு ஒரு அங்குலமும் இறங்காது. வீட்டுக்காரரிட்ட முதல்ல கேளுங்கோ. குழி தோண்டுறதெண்டால் ஒன்ராறியோ வன் கோல் எண்ட சேவைக்கு அறிவிக்கிறது சட்டம். காஸ், கறண்ட் வயர் போற இடத்தை வந்து குறிச்சுத் தருவினம், காசு இல்லை. மற்றது, பெப்ரவரியில கம்பத்தடியில ஒண்டரை அடி பனி இறுகிக் கிடந்தால் உங்கட 5 அடி மூண்டரை அடி ஆகிப்போகும். அது அணில் பாயிற உயரம். அதால, வழிக்கிற பனியைக் கம்பத்தடியில குவிக்காதேங்கோ.

மிளகாய்க்கு வருவம். பறவைகளுக்கு உறைப்புத் தெரியாது, அணிலுக்கு வடிவாத் தெரியும். அதால யோசனை பிழையில்லை. ஆனால் தூளாத் தூவினால் காத்தில பறந்து அப்பான்ர கண்ணிலயும் பிள்ளையள்ன்ர கண்ணிலயும் படும், மழைக்குக் கழுவுப்பட்டும் போகும். மிளகாய் எண்ணெய் பூசின விதை பையில விக்கிறாங்கள், அதை வாங்குங்கோ. இல்லாட்டி சஃப்ளவர் (குசும்பா) விதை போடுங்கோ. கார்டினல், சிக்கடீ எண்ட இஞ்சத்தைய குருவியள் விரும்பித் தின்னும், கன அணில்கள் அதைத் தொடாது. மலிவான கலவைப் பையில சோளமும் மைலோ எண்ட சிவத்தத் தானியமும்தான் பாதி. சின்னக் குருவியள் அதைக் கீழ தட்டிவிட்டிட்டுச் சூரியகாந்தியைத் தேடும். கீழ விழுறது அணிலுக்கும் எலிக்கும்.

பொறி வேண்டாம். பிடிக்கிற மிருகத்தைப் பிடிச்ச இடத்தில இருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ள விடவேணும் எண்டது ஒன்ராறியோச் சட்டம். அவ்வளவு கிட்ட விட்டால் அது திரும்பி வரும். வராட்டியும் அந்த இடத்துக்கு வேற ஒண்டு வரும். வசந்தத்திலயும் கோடை முடிவிலயும் கூட்டில குட்டியள் இருக்கும், தாயைப் பிடிச்சால் அதுகள் பட்டினியில சாகும். நஞ்சு வைக்கிறது குற்றம். அதைத் திண்ட அணிலைப் பருந்து தின்னும், பக்கத்து வீட்டுப் பூனை தின்னும். அது யாருக்கும் நல்லதில்லை.

அணிலை விட எனக்குப் பெரிய கவலை எலி. ரொறன்ரோவில 2023 ஏப்ரலில இருந்து காட்டு மிருகங்களுக்குச் சாப்பாடு போடுறதுக்குத் தடை, சொந்த வளவிலயும்தான். குருவியளுக்கு உயரத்தில தொங்குற, துப்புரவான ஃபீடருக்கு மட்டும் அனுமதி இருக்கு. கீழ விழுற விதையை நீங்கள் கூட்டி அள்ளாட்டி அயலவை முறையிடும், அதில ஞாயமும் இருக்கு. எங்கட ஆக்கள் சனி விரதத்துக்குக் காகத்துக்கெண்டு சோறு வைக்கிறவை. நிலத்தில கொட்டினால் காகத்துக்கு முன்னம் ரக்கூன் எண்ட மிருகம் வந்து நிக்கும். அப்பாவுக்கு அது முக்கியமெண்டாலும், இந்தத் தடை இருக்கிறதால இஞ்ச சோறு வெளியில வைக்காதேங்கோ. ராத்திரியில ஃபீடரையும் உள்ள எடுத்து வைச்சால் ரக்கூன் கரைச்சலும் குறையும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து ஃபீடரைக் கழுவி, வடிவாக் காயவைச்சுப் பிறகு நிரப்புங்கோ. அழுக்கு ஃபீடரால பறவைகளுக்குள்ள வருத்தம் பரவும்.

நிலத்தில கம்பம் நட வீட்டுக்காரர் விடமாட்டன் எண்டால், அணிலின்ர பாரத்துக்கு வாய் மூடுற ஃபீடர் இருக்கு. விலை கூட, ஆனால் இரும்பு, கடிக்க ஏலாது. கார்டினல் ஐம்பது கிராமும் வராது, அதுக்கு வாய் மூடாது.

இவ்வளவும் மினக்கெட வேணுமோ எண்டு நினையாதேங்கோ. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ள இருக்கப்போற வயது போன ஆளுக்கு அந்த யன்னல் பெரிய துணை. கார்டினல் இஞ்சயிருந்து போகாது, விடியக்காலமையும் பொழுதுபடேக்கையும் வரும். வசந்தத்தில ஆண் விதையை உடைச்சுப் பெட்டையின்ர வாயில குடுக்கிறதை அப்பாவுக்குக் காட்டுங்கோ. சிக்கடீ ஒவ்வொரு விதையா எடுத்துக்கொண்டு கொப்புக்குப் போய், காலுக்குள்ள வைச்சுக் கொத்தி உடைச்சுத் தின்னும்.

அப்பாவின்ர கதிரை எந்த யன்னலடியில எண்டு பாருங்கோ. அங்கயிருந்து தெரியிற புல்லில நிண்டு வேலிக்கும் டெக்குக்கும் எத்தனை அடி எண்டு அளந்து எழுதுங்கோ, கம்பத்தை எங்க நடலாம் எண்டு சொல்லுறன்.