நட் ரோஸ்ட் சைவம்தான், பக்கத்துல இருக்கற உருளைக்கிழங்கு?

கேள்வி: அக்கா, நான் இங்கிலாந்துல ரெடிங்ல வேலைக்கு வந்து நாலு மாசம் ஆகுது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மேனேஜர் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்து பப்புக்கு சன்டே ரோஸ்ட் (ஞாயித்துக்கிழமை மதியம் வறுத்த கறி, உருளைக்கிழங்கு, கிரேவின்னு போடற சாப்பாடு) சாப்பிட கூப்பிட்டிருக்கார், அவர் குடும்பமும் வருது. நான் சைவம், முட்டை கேக்ல இருந்தா மட்டும் ஓகே. சாலட்ட மென்னுட்டு உக்காந்திருக்கணுமா, இல்ல ஏதாச்சும் சாக்கு சொல்லி நழுவிடவா?

பதில்: நழுவாதீங்க தம்பி. 1847-லயே ராம்ஸ்கேட்ல வெஜிடேரியன் சொசைட்டி ஆரம்பிச்ச நாடு அது, சைவம்னா ஒருத்தரும் உங்கள வேத்துகிரகத்து ஆளா பாக்க மாட்டாங்க. மெனுல பெரும்பாலும் நட் ரோஸ்ட் இருக்கும், முந்திரி வால்நட் காளான் வெங்காயம் ரொட்டித்தூள் எல்லாத்தையும் பிசைஞ்சு டின்ல அமுக்கி ஓவன்ல வேக வச்சது, நல்லா செஞ்சிருந்தா ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல நம்ம பருப்பு உசிலி மாதிரியும் இருக்கும் (மோசமா செஞ்சா மரத்தூள், அதையும் சொல்லிடறேன்).

வில்லங்கமே பக்கத்துல அப்பாவியா உக்காந்திருக்கற உருளைக்கிழங்குலதான். நான் முதல் தடவ போனப்ப நாலு கிழங்க முழுங்கிட்டு, இவ்ளோ மொறுமொறுப்பா வர்றதுக்கு என்ன எண்ணெய்னு ஆசையா கேட்டேன், "கூஸ் ஃபேட்"னு பரிமாறின பொண்ணு பெருமையா சொல்லுச்சு, வாத்துக் கொழுப்பு! அன்னிக்கு நான் தூங்கவே இல்ல.

அதனால முந்தின நாளே பப்புக்கு போன் போட்டுருங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு கிச்சன்ல தலைக்கு மேல வேலை, அப்ப கேட்டா யாருக்கும் பொறுமை இருக்காது. கிழங்கு எந்தக் கொழுப்புல வறுக்கறாங்க, கிரேவி தனியா வெஜிடேரியனா வச்சிருக்காங்களா, ஸ்டஃபிங்ல சாசேஜ் கறி இருக்கா, இத மட்டும் கேளுங்க போதும். அப்படியே ஒரு நட் ரோஸ்ட் எடுத்து வைக்கச் சொல்லிருங்க, தீந்து போச்சுன்னா வேற வழியில்ல. யார்க்‌ஷயர் புட்டிங்னு வர்றது இனிப்பு கிடையாது, மைதா முட்டை பால் கரைச்சு ஊத்தி பூரி மாதிரி உப்ப வைக்கறது, பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்புலதான் சுடுவாங்க, அதையும் சேத்து விசாரிச்சிட்டு முட்டை விஷயத்த நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

காரமே இல்லன்னு சொணங்காதீங்க, ஹார்ஸ்ராடிஷ் சாஸ் கேட்டு வாங்குங்க, கடுகு மாதிரி மூக்குல ஏறும், இனிப்பா இருக்கற பார்ஸ்னிப்புக்கு (வெள்ளை கேரட் மாதிரி ஒரு கிழங்கு) செம ஜோடி. மின்ட் சாஸ் ஆட்டுக்கறிக்குன்னு வப்பாங்க, ஆனா அதுவும் நம்ம புதினாதான், வினிகரும் சர்க்கரையும் போட்டது. குடிக்கறவரா இருந்தா ஒண்ணு, கேஸ்க் ஏல் (பீப்பாய்ல வர்ற பீர்) தெளியறதுக்கு சிலர் மீனோட காத்துப்பைல இருந்து எடுக்கறத போடுவாங்க, நான் பேசாம ஜிஞ்சர் பியர் வாங்கிப்பேன்.

கடைசில இனிப்புக்கு ஸ்பாட்டட் டிக், ஜாம் ரோலி போலின்னு ரெண்டு புட்டிங் இருக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க, ரெண்டுலயும் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பு. ஆப்பிள் கிரம்பிள் (வெந்த ஆப்பிள் மேல மொறுமொறு மாவுத் தூள்) சொல்லுங்க, கூடுதலா ரெண்டு ஸ்பூன் கேளுங்க, "எனக்கு வேணாம்"னு சொன்னவங்கதான் முதல்ல கை வைப்பாங்க.